போர்க்களத்தில் மகனைத் தேடிய இரண்டு தாய்மார்

"நீங்க சரித்திரம் படிச்ச ஆளு, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது என் சொந்த ஊர் வாசுதேவநல்லூர்தான். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் மதுரைப் பக்கத்து நண்பர்கள் ராஜபாளையம், சிவகிரி தாண்டி எங்க ஊர் வழியாகத்தான் தென்காசிக்குப் போயிருப்பீர்கள்.

பூலித்தேவரின் முக்கியமான கோட்டைகளில் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. 1760-ஆம் ஆண்டின் இறுதியில் கான்சாகிபு முற்றுகையிட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. 1767-இல் கர்னல் டொனால்ட் காம்பெல் பீரங்கி கொண்டு தாக்கித்தான் அது விழுந்தது. பீரங்கி உடைத்த மண்மதிலை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனையும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்ததை வெள்ளைக்காரத் தளபதியே வியந்து எழுதியிருக்கிறார். அந்த வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுமந்து கொடுத்தவர்கள் யார்? எங்க ஊரில் வைக்கோல் சுமக்கிற தலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும்.

நம் போர்க்கதைகளில் பெண்களுக்கு இடம் உண்டு. ஆனால் எப்படிப்பட்ட இடம்? புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயை வகுப்பில் எல்லோரும் படித்தோம். மகன் புறமுதுகு காட்டி ஓடினான் என்று கேள்விப்பட்டு, கையில் வாளோடு பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். அவன் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டதும் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். பாடியவரும் ஒரு பெண்தான் என்பதை மறக்கக் கூடாது.

கதைப்பாடலுக்கு வந்தால் வெள்ளையம்மாள். கெட்ட கனவு கண்டு, போருக்குப் போகாதீங்க என்று புருஷனைத் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை, போய் மாண்டான். கட்டபொம்மு கதைப்பாடலை நம் நெல்லைச் சீமைக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். 1959-இல் வந்த திரைப்படத்தில் பத்மினி அந்த வெள்ளையம்மாளாகவே வாழ்ந்து காட்டினார். கொட்டகையில் பார்த்து அழாதவர் யார்?

ஆக, போருக்கு அனுப்பிப் பெருமைப்படுகிறவள் ஒருத்தி. தடுத்து அழுகிறவள் ஒருத்தி. மிஞ்சினால் வேலு நாச்சியார் போல வாளேந்திய ராணி. சாதாரணப் பெண் போரில் என்ன செய்தாள் என்பதைக் கதை சொல்லவில்லை. அதைச் சொன்னவர் எதிரி முகாமில் இருந்த ஒரு வெள்ளைக்காரர்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அந்த அதிகாரி பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கலந்துகொண்டவர். 1830-இல் வெளியான அவரது நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1801 மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. வெளியேறிய வீரர்கள் வழியெல்லாம் வெட்டுண்டு கிடந்தார்கள். ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள், உயிர் இருந்தது. அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை.

அந்தத் தாய் மகனை அங்கேயே விட்டுவிட்டு, காயம்பட்ட ஊமைத்துரையை மற்றப் பெண்களோடு தூக்கிப் போனாள். எட்டயபுரத்துப் படையாட்கள் தேடி வந்தபோது அவரைத் துணியால் மூடி, அம்மை கண்ட பிள்ளை என்று சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதுமே வந்தவர்கள் விலகி ஓடிவிட்டார்கள். ஊமைத்துரை பிழைத்து, மருது சகோதரர்களோடு சேர்ந்து மீண்டும் போரிட்டார். அவ்வாண்டு நவம்பரில்தான் அவரைப் பிடித்துத் தூக்கிலிட முடிந்தது.

இந்த இரண்டு தாய்மாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடினார்கள். ஒருத்தி இறந்த மகனைக் கண்டு மகிழ்ந்தாள் என்கிறது பாட்டு. மற்றவளோ உயிரோடு கிடந்த மகனை விட்டுவிட்டு நடந்தாள். அவள் மகிழ்ந்தாள் என்று வெல்ஷ் எழுதவில்லை. வாள் எடுக்காமல், ஒரு பொய்யாலும் ஒரு ஒப்பாரியாலும் ஒரு போரை ஆறு மாதம் நீட்டித்தவள் அவள். பெயர்தான் இல்லை.

கதைகள் நம்மை எப்படிப் பழக்கியிருக்கின்றன என்பதுதான் என் கவலை. மகிழ்ந்து அனுப்பினால்தான் வீரத்தாய் என்று படித்துப் படித்து, அழுதுகொண்டே வேலை பார்த்தவளை வீரத்தில் சேர்க்காமல் விட்டோம். சோவியத் நாட்டில் போரில் நின்ற பெண்களை ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தேடித் தேடிச் சந்தித்து, அவர்கள் சொன்னதையே 1985-இல் புத்தகமாக்கினார். 2015-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் பக்கத்துத் தாயைக் கேட்க அன்றைக்கு ஆளில்லை.

செப்டம்பர் முதல் தேதி நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் விழா நடக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடுவதுண்டு. நம் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். அடுத்த நாடகத்தில் வெள்ளையம்மாளின் கனவோடு, மூடிய துணிக்குப் பக்கத்தில் ஒப்பாரி வைக்கும் இந்தத் தாய்க்கும் ஒரு காட்சி கொடுங்கள். பெயர் வைக்க வேண்டாம். ஆத்தா என்று கூப்பிட்டாலே போதும்.