அகத்தியர் மலையிலிருந்து வகுப்பறைக்கு: ஒரு மழைக் கணக்கு

பள்ளிக்கூடத்தில் காலநிலை அறிவியல் என்றதும், ஏதோ புதுசா வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பாடம் மாதிரி ஒரு எண்ணம் பலருக்கு இருக்கிறது. நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. நம்ம பக்கத்து வானத்தை அளந்த கதைக்கு வயசு 180-ஐத் தாண்டியாச்சு.

1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த சமஸ்தானத்தின் மன்னர் சுவாதித் திருநாள் 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவர் காற்றின் வெப்பத்தோடு நிற்கவில்லை. மண்ணுக்குள் வெவ்வேறு ஆழத்தில் தெர்மாமீட்டர்களைப் புதைத்து, 1842 முதல் 1845 வரை குறிப்பெடுத்தார். அவருக்குப் பிறகு 1852-ல் பொறுப்பேற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன். இவர் 1855-ல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு ஆய்வகம் கட்டினார். 1,868 மீட்டர் உயரம். ரோடு கிடையாது, அடர்ந்த காடு. கருவிகளைச் சுமந்துகொண்டு எதற்கு அங்கே ஏறவேண்டும்? கடற்கரைச் சமவெளியில் எடுக்கும் அளவையும் மலையுச்சியில் எடுக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

இதிலேயே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. இன்னைக்கு வெயில் கொளுத்துது என்பது வானிலை. ஒரே இடத்தில் முப்பது வருஷம் அளந்து சராசரி பார்த்தால் அது காலநிலை. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம் விடாமல் அளந்ததுதான்.

நம்ம விவசாயிகளும் காலநிலையை வைத்தே வருஷத்தைப் பிரித்தார்கள். கன்னி மாதத்தில் அறுத்தால் கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுத்தால் கும்பப்பூ. முன்னதற்குத் தென்மேற்குப் பருவமழை, பின்னதற்கு வடகிழக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மழையையும் இப்படி நன்றாக வாங்கும் மாவட்டங்கள் குறைவு.

இவ்வளவு இருந்தும் வகுப்பறைக்குள் என்ன வந்தது? எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003-ல் மறுபடியும் வலியுறுத்தியது. 2001-02 வாக்கில் தேசியப் பசுமைப் படை வந்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் பல இடங்களில் அது மரம் நடுவதோடும் ஓவியப் போட்டியோடும் நின்றுபோனது. 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது பதினொன்றாம் வகுப்புப் புவியியலில் பசுமைக்குடில் விளைவே கழிந்துபோனது.

இதை ஏன் முக்கியம் என்கிறேன்? 2017 நவம்பர் 30, ஒக்கி. காலையில் குமரிக் கடல் பக்கத்தில் புயலாக மாறியது. முந்தின நாள்தான் அது வெறும் தாழ்வு மண்டலம். ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஒரு பிள்ளை, "சார், இது காலநிலை மாற்றத்தாலயா வந்தது?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதும் தப்பு, 'அதெல்லாம் விதி' என்பதும் தப்பு. புயலுக்குத் தீனி சூடான கடல்நீர். கடல் சூடாகிக்கொண்டு வருகிறது, அதனால் புயல் வேகமாக வலுப்பெறும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒரு தனிப் புயலுக்கு இதுதான் காரணம் என்று சொல்லத் தனி ஆய்வு வேண்டும். இந்த நிதானத்தோடு பதில் சொல்ல ஆசிரியருக்கு யாராவது துணை நிற்க வேண்டும்.

அதற்கு ஒரு வழியைக் காட்டியது 2017-ல் தொடங்கிய டிராப் இக்ஸு திட்டம். புனே ஐசர் நிறுவனத்திலிருந்து இயங்கியது. அதன் யோசனை எளிமையானது: புதுப் பாடம் வேண்டாம், இருக்கிற பாடத்துக்குள்ளேயே உதாரணமாகக் கொண்டுவா. கணக்கு டீச்சர் சராசரி நடத்தும்போது வெப்பநிலைத் தரவு. வேதியியலில் கடல்நீரின் அமிலத்தன்மை. சிலபஸை முடிக்கத் திணறும் ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை ஆகாது.

நம்ம மாவட்டத்தில் இதற்குத் தரவு தேடி அலையவும் வேண்டாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம் என்று இடவாரியாக மழையளவு, அணை நீர்மட்டம் எல்லாம் மழைக்காலத்துத் தினசரிகளில் மில்லிமீட்டர் கணக்கில் வருகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினம் அதை ஒரு சார்ட்டில் எழுதினால் போதும். மலையடிவாரத்துப் பேச்சிப்பாறைக்கும் கடலோரக் கொட்டாரத்துக்கும் மழை ஏன் ஒன்றுபோல் இல்லை என்று அவர்களே கேட்பார்கள். பிரௌன் மலையேறியதும் இதே மாதிரி ஒரு கேள்வியோடுதான்.

ஒரு வருஷத்துச் சார்ட் வானிலைதான். அதை அடுத்த வகுப்புக்குக் கொடுத்து, அவர்களும் தொடர்ந்து எழுதினால், முப்பதாவது வருஷம் அந்தப் பள்ளியிடம் சொந்தமாக ஒரு காலநிலைப் பதிவு இருக்கும். வீட்டில் தாத்தா எழுதிவைத்த மழைக் குறிப்போ விதைப்புக் கணக்கோ கிடந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு நகல் கொடுங்கள்.