தடை காத்த படச்சுருள்: தென் திருவிதாங்கூரின் இரண்டு மௌனப்படங்கள்

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே உள்ள இனயம், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர். அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இந்த எல்லை மாற்றம் இப்பகுதியின் திரைப்பட வரலாற்றை இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நிறுத்தியது. கேரளம் தன் முதல் இரு படங்களாகக் கொள்ளும் ‘விகதகுமாரன்’, ‘மார்த்தாண்ட வர்மா’ இரண்டுமே குமரி மண்ணோடு தொடர்புடையவர்கள் எடுத்தவை. பல ஊர்க் கொட்டகைகளில் ஓடிய முதல் படம் முற்றாக அழிந்துவிட்டது. நீதிமன்றம் நிறுத்திவைத்த இரண்டாம் படம் இன்றும் இருக்கிறது. இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலம் படமான கதை

ஜே. சி. டேனியல் பல் மருத்துவர். களரிப்பயிற்று பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அந்தக் கலையைப் படமாக்கும் ஆசையே அவரைச் சினிமாவுக்கு இழுத்தது. குடும்ப நிலத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற படப்பிடிப்புக் கூடத்தை அமைத்தார். இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் வேடம் எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் புராணப் படங்களே பெருகியிருந்த காலத்தில், திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்படும் சிறுவனின் கதையை எடுத்தது அவருடைய துணிச்சல். அந்தச் சிறுவனாக நடித்தவர் டேனியலின் சொந்த மகன். வில்லனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ், மலையாளப் படங்களில் நாயகியான பி. எஸ். சரோஜாவின் தந்தை.

படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் இருவேறாகக் கணிக்கின்றனர். எதுவானாலும் அது பேசும் படத்துக்கு முந்தியது. ‘ஆலம் ஆரா’, ‘காளிதாஸ்’ இரண்டும் 1931இல் வந்தவை.

நாயகி பி. கே. ரோசி தலித் பெண். திரையில் அவர் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றியதை ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் கேப்பிடல் கொட்டகையில் திரைமீது கல் வீசப்பட்டது. ஊரை விட்டு ஓடிய ரோசி நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்பது பிற்கால ஆய்வுகள் கண்ட செய்தி. அந்த வாழ்வில் சினிமாவின் சுவடே இல்லை. நடிகையைத் துரத்திய அதே சமூகம் படத்தையும் சீந்தவில்லை. டேனியல் கடனில் மூழ்கினார். கூடம் கைவிட்டுப் போனது. வீட்டில் கிடந்த படச்சுருளை, சிறுவனாக இருந்தபோது விளையாட்டாகக் கொளுத்தியதாக டேனியலின் மகன்களில் ஒருவர் பின்னர் கூறியிருக்கிறார். அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பொறி பட்டால் போதும்.

வழக்கு காத்த படம்

1933இல் டேனியலின் உறவினரான ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவிலின் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் ‘மார்த்தாண்ட வர்மா’வை எடுத்தார், இயக்கியவர் பி. வி. ராவ். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவலே அதன் கதை. குளச்சல் போருக்குப் பல ஆண்டுகள் முன்பு, திருவிதாங்கூர் அரியணைக்காக நடந்த வாரிசுப் போராட்டத்தைச் சொல்வது அது. கதை நடக்கும் பத்மநாபபுரமும் சாரோடும் இனயத்துக்கு வெகுதொலைவில் இல்லை. படத்தில் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. அரசரின் ஆறாட்டு ஊர்வலத்தை நேரில் பிடித்த காட்சியும் சேர்க்கப்பட்டது. ஆகவே கற்பனைக் கதைக்குள் 1930களின் திருவிதாங்கூர் வீதியும் பதிவாகியிருக்கிறது.

நாவலின் பதிப்புரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அதன் அனுமதியின்றிப் படம் எடுக்கப்பட்டதால் வழக்கு எழுந்தது. திரையிடல் சில நாட்களிலேயே நின்றது. படச்சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போய்ப் பல்லாண்டு அங்கேயே கிடந்தது. புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974இல் அதைப் பெற்றது.

தயாரிப்பாளரை நொடிக்கச் செய்த தடைதான் படத்தைக் காப்பாற்றியது. அக்காலத்தில் ஊர் ஊராக ஓடிய சுருள் தேய்ந்தது, அறுந்தது, கடைசியில் அதிலுள்ள வெள்ளிக்காகக் கழிவு விலைக்குப் போனது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ உட்பட அவருடைய மௌனப்படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. ‘மார்த்தாண்ட வர்மா’வோ சில நாட்களே ஓடியது, அதனால் தேயவும் இல்லை. உரிமைக்காகப் பறிக்கப்பட்ட பொருள் என்பதால் அதைத் தூக்கி எறியவும் யாருக்கும் தோன்றவில்லை.

எல்லையும் அங்கீகாரமும்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘பாலன்’ 1938இல் முதல் மலையாளப் பேசும்படமாக வந்தது. அதற்கு முந்தியவை மறக்கப்பட்டன. டேனியலின் கதையை மீட்டவர் எழுத்தாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். ஆனால் டேனியல் வசித்த அகஸ்தீஸ்வரம் அதற்குள் தமிழ்நாடாகியிருந்ததால் கேரள அரசின் உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. பேசாத படத்தை எடுத்தவரிடம் மாநிலம் எது, மொழி எது என்று கேட்டார்கள். அவர் 1975இல் இறந்தார். 1992 முதல் கேரள அரசு தன் வாழ்நாள் சாதனை விருதை அவர் பெயரில் வழங்குகிறது. 2013இல் ‘செல்லுலாய்ட்’ அவர் வாழ்வைப் படமாக்கியது. ரோசியின் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைவிழா நடத்தியிருக்கிறது.

முடிவுரை

இரு படங்களின் தலையெழுத்தையும் கலைத்தரம் தீர்மானிக்கவில்லை. ஒன்றைச் சாதி வீழ்த்தியது. மற்றொன்றை வழக்கு காத்தது. முதல் படத்தை எடுத்தவரை எல்லைக்கோடு அந்நியராக்கியது. ஆகவே குமரி மாவட்டத் திரை வரலாற்றைத் தேடுவோர் சினிமா இதழ்களோடு நிற்க முடியாது. நிலப் பத்திரம், நீதிமன்றக் கட்டு, பதிப்பகக் கிடங்கு, தேவாலயப் பதிவேடு ஆகியவற்றைப் புரட்ட வேண்டும்; 1956க்கு முந்தியவற்றுக்குத் திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டும்.