காமாக் கதிரின் அளவும் மனித உடலும்: ஒரு வரலாற்று நோக்கு

அளவைகளின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்தாகும். கதிர்மருத்துவத்தின் தொடக்க காலத்தில் நோயாளியின் தோலே அளவைக் கருவியாயிற்று; அது சிவக்கும் அளவே அலகாகக் கொள்ளப்பட்டது. 1928 இல் ஸ்ரொக்கோமிற் கூடிய சர்வதேசக் கதிரியல் மாநாடு, வளியில் நிகழும் அயனாக்கத்தை அடிப்படையாகக் கொண்டு எக்ஸ் கதிர்களுக்கு றொஞ்சன் அலகை வரையறுத்தது. 1937 இல் சிக்காகோ மாநாடு அதனைக் காமாக் கதிர்களுக்கும் விரித்தது.

ஆயினும், நியமம் இருத்தல் வேறு. அதனோடு ஒப்பிட்டு அளத்தல் வேறு. கோபாற்று-60 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகளாதலின், அதன் கதிர்வீச்சு மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பஸ் நகர மருத்துவமனையொன்றில், 1974 முதல் 1976 வரை, இத்தேய்வு அளக்கப்படாது வரைபிலிருந்தே கணிக்கப்பட்டது. அடுக்குக்குறி வளைவாகத் தேய்வது நேர்கோடாக நீட்டப்பட்டமையால், கதிர்வீச்சு உண்மையினுந் தாழ்வாகக் கருதப்பட்டது. சிகிச்சை நேரம் நீண்டது. 426 நோயாளர் மிகையளவு பெற்றனர். கருவிக்குரிய சோதனையை மீண்டும் மனித உடலே தாங்கியது.

எனவே, அளவுகோடிடல் வெறுந் தொழினுட்பச் சடங்கன்று. மருத்துவத்தை நம்பி வருவோர்க்குச் சமூகம் ஆற்றவேண்டிய கடமையாகும். கருவியை வாங்கச் செலவிடும் அரசுகள், அதனை அளந்து சரிபார்ப்போரையும் பேணுதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிபு.