பால் கொழுப்பும் தீவனமும்

பாலின் கூறுகளுள் தீவனத்தால் மிக எளிதில் ஏறி இறங்குவது கொழுப்பே. புரதம் சிறிதளவே மாறும், பால் சர்க்கரையான லாக்டோஸ் பெரும்பாலும் மாறுவதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், வைக்கோல், சோளத்தட்டை முதலியவற்றின் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து அசிட்டிக் அமிலத்தை மிகுதியாக உண்டாக்க, பசுவின் மடி பால் கொழுப்பில் ஏறத்தாழப் பாதியை அதிலிருந்தும் பியூட்டிரிக் அமிலத்திலிருந்தும் உருவாக்குகிறது. எஞ்சியது இரத்தத்தில் வரும் கொழுப்பிலிருந்து கிடைக்கிறது. நார் குறைந்து அரிசிக் கஞ்சியோ மக்காச்சோள மாவோ மிகுந்தால் இரைப்பையில் அமிலத்தன்மை கூடுகிறது. அப்போது எண்ணெய்ச் சத்தும் மிகுந்திருந்தால், அங்கு உருவாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியின் கொழுப்பு உற்பத்தியையே தடுக்கின்றன. மாவுத் தீவனத்தைக் கூட்டினால் பால் கெட்டிப்படும் என்னும் நம்பிக்கை ஆகவே பிழையானது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியான மருங்காபுரியில் பாலின் கொழுப்பு அளவு மாடு வளர்ப்போரின் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் ஆவின் சார்ந்த கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்தே விலை தருகின்றன. கோடையில் பசுந்தீவனம் அருகி வைக்கோலே மிஞ்சும்போது கொழுப்பு விழுக்காடு பெரிதும் குறையாவிடினும் பாலின் அளவு சரிந்துவிடுவதால், வைக்கோலோடு கடலைப் புண்ணாக்கையும் அகத்தி போன்ற மரத்தழையையும் அளவாகச் சேர்ப்பதே பயன் தரும்.