தண்ணீரில் ஏறிய இரசம்

கண்ணாடிக் குவளையில் பாதிக்குமேல் ஆரஞ்சுப் பழச்சாற்றை ஊற்றிக்கொண்டு, ஒரு கரண்டியைக் கவிழ்த்துக் குவளையின் உட்சுவரில் சாய்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் இனிப்பில்லாத சிவப்புத் திராட்சை இரசத்தை மெல்ல மெல்ல வழியவிட்டால், இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. கீழே பொன்னிறம், மேலே செந்நிறம் என அடுக்காக நிற்கும். விழா நாள்களில் சில இல்லங்களில் இவ்வாறு செய்து விருந்தினருக்குக் கொடுப்பதைக் கண்டிருக்கிறோம். செய்முறையில் இரகசியம் ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் என்றால், அதே அளவு எரிசாராயம் ஏறத்தாழ 790 கிராம்தான். ஆகவே எரிசாராயம் சேர்ந்த, இனிப்பற்ற இரசம் தண்ணீரைவிட மயிரிழை இலேசானது. சர்க்கரை கரைந்த பழச்சாறோ தண்ணீரைவிடக் கனமானது. கனமானதை முதலில் ஊற்ற வேண்டும். கை நடுங்கக் கூடாது. அவ்வளவே.

ஆனால் இந்த மயிரிழை வேறுபாட்டை வைத்து ஒரு பெரியவர்மேல் பொய்ப்பழி விழுந்த வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் உரோமையில் விசாரணை மன்றம் கலிலேயோவுக்குத் தண்டனை விதித்தது. பின்னர்ச் சில மாதங்கள் சியன்னா நகரின் பேராயர் அஸ்கானியோ பிக்கொலோமினி அவரைத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். மனம் உடைந்து வந்த முதியவரை மீண்டும் எழுதத் தூண்டியவர் இந்தப் பேராயரே. திருச்சபையைக் கலிலேயோவின் பகைவராக மட்டும் காட்டுவோர் இவர் பெயரை ஏனோ மறந்துவிடுகின்றனர். கலிலேயோவின் மூத்த மகள், புனித கிளாரா சபைத் துறவி மரிய செலஸ்தே, ஆர்செத்ரி மடத்திலிருந்து தந்தைக்கு அந்நாள்களில் எழுதிய மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. செபமும் கண்ணீரும் மட்டுமல்ல, தந்தையின் வீட்டுத் தோட்டமும் இரசப் பீப்பாய்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. தந்தை வீடு திரும்பிய சில மாதங்களிலேயே, 1634 ஏப்ரலில், அந்த மகள் இறந்துபோனார்.

வீட்டுக்காவலில் கலிலேயோ எழுதி முடித்த நூல் 'இரு புதிய அறிவியல்கள்'. இத்தாலியில் அச்சிட வழியில்லை. 1638இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. அதற்குள் அவர் பார்வையை முற்றும் இழந்திருந்தார். மூன்று நண்பர்கள் உரையாடும் நடையில் அமைந்த அந்நூலில், முதல் நாள் பேச்சில் முட்டைக்கோசு இலைமேல் உருண்டு நிற்கும் நீர்த்துளி பற்றிய பேச்சு வருகிறது. நாமாக இருந்தால் தாமரை இலையைச் சொல்லியிருப்போம். அதன் தொடர்ச்சியாகச் சால்வியாத்தி என்னும் நண்பர் ஒரு காட்சியை விளக்குகிறார். வைக்கோல் தாளின் துளையளவே வாயுள்ள கண்ணாடிக் குண்டில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது. ஆனால் அந்த வாயைச் சிவப்பு இரசத்தில் தொடுமாறு வைத்தால், செந்நிற இழைகள் மெல்ல மேலே ஏறும். தண்ணீர் அதே மெதுவோடு கீழே இறங்கும். இரண்டும் கலவாமல், இறுதியில் குண்டு முழுதும் இரசமாகவும், கீழுள்ள பாத்திரத்தின் அடியில் தண்ணீராகவும் இடம் மாறிக்கொள்ளும்.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1960இல், அறிவியல் வரலாற்று ஆசிரியர்களுள் தலைசிறந்தவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் கொய்ரே இப்பகுதியை எடுத்துக்கொண்டார். தண்ணீரும் இரசமும் கலக்கும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆகவே கலிலேயோ இதைச் செய்து பார்த்தே இருக்க முடியாது, கற்பனையில் கண்டிருக்க வேண்டும் என்று எழுதினார். கலிலேயோ சோதனை செய்தவர் அல்லர், சிந்தனையிலேயே எல்லாம் கண்டவர் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. கொள்கைக்கு ஏற்ற சான்று கிடைத்த மகிழ்ச்சியில், ஒரு குப்பியையும் சிறிது இரசத்தையும் தேடி எடுக்கத் தோன்றவில்லை போலும்.

1973இல் ஜேம்ஸ் மக்லாக்லன் என்பவர் அந்தச் சோதனையைத் தம் கையாலேயே செய்து பார்த்து, 'ஐசிஸ்' என்ற ஆய்விதழில் எழுதினார். கலிலேயோ சொன்னபடியே நடந்திருந்தது.

இதைப் படித்தபின் நாம் சும்மா இருக்கவில்லை. காலியான ஊசிமருந்துப் புட்டி ஒன்றின் இரப்பர் மூடியில் துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஓர் இல்லத்தார் கொடுத்திருந்த திராட்சை இரசத்தில் கவிழ்த்தோம். கால் மணி, அரை மணி ஆயிற்று. ஒன்றும் ஏறவில்லை. உடனிருந்த உபதேசியார், "சாமி, அந்த வெள்ளைக்காரர் சொன்னதுதான் சரிபோல இருக்கு" என்றார். உண்மையில் நமக்கும் அப்படியே தோன்றிற்று. கொய்ரேயிடம் மனத்திற்குள் மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டோம்.

மறுநாள் காலைதான் குறை எங்கே என்று விளங்கிற்று. நம் வீடுகளில் செய்யும் விழாக்கால இரசம் சர்க்கரை மிகுந்தது, தண்ணீரைவிடக் கனமானது. கீழே கனமும் மேலே இலேசும் ஏற்கெனவே அமைந்துவிட்டால் இடம் மாற என்ன இருக்கிறது? விடுமுறைக்கு வந்திருந்த பங்கு மக்களுள் ஒருவர் தந்த, இனிப்பே இல்லாத சிவப்பு இரசத்தில் மீண்டும் கவிழ்த்தோம். ஓரிரு நொடிகளில் மெல்லிய செந்நிற இழை ஒன்று, தூபக் கலசத்துப் புகைபோல் நெளிந்து புட்டிக்குள் எழுந்தது.

காரணத்தைக் கலிலேயோ அறிந்திருக்கவில்லை. தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே தாம் அறியாத ஏதோ ஒவ்வாமை உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்று நாம் அதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். காற்றைத் தொடும் நீரின் பரப்பு ஒரு தோல்போல் இழுத்துப் பிடித்துச் சிறு துளையை அடைத்துவிடுகிறது. இரசத்தைத் தொட்டதும் அந்தத் தோல் இல்லாமற் போகிறது. பின்பு எடை வேறுபாடு தன் வேலையைச் செய்கிறது. தண்ணீரும் இரசமும் இறுதியில் கலக்கும் என்பதில் கொய்ரே தவறவில்லை. ஆனால் குலுக்காமல் விட்டால் அக்கலப்புக்கு நெடுநேரம் ஆகும் என்பதை அவர் எண்ணவில்லை.

1992 அக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கலிலேயோ காலத்து இறையியலார் தவறியதை வெளிப்படையாக ஏற்றுப் பேசினார். அவ்வுரையைக் குறித்து நம் பங்கில் மறையுரை ஆற்றியபோது, பார்க்க மறுத்தவர்கள் நம்மவர் மட்டுமே என்ற எண்ணத்தில் சற்று அதிகமாகவே நாணினோம்.

திருப்பலியில் இரசத்தோடு சிறிது தண்ணீர் சேர்க்கும் வழக்கம் மிகத் தொன்மையானது; மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித சிப்ரியன் ஒரு மடலில் அதன் பொருளை விளக்கியிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக அந்தத் துளியை நாமும் சேர்த்து வருகிறோம். அது கிண்ணத்தில் எங்கே போகிறது என்று இந்த ஆண்டுதான் குனிந்து பார்த்தோம்.