ஆனைமலை ஓணான்

ஆனைமலை ஓணான் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளில் மட்டும் வாழும் மரவாழ் ஓணான் இனம். இதன் உயிரியற்பெயர் சாலியா அனமலையானா. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலை, இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகள் ஆகியவை இதன் இருப்பிடம். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வது இதன் உறவான சாலியா ஹார்ஸ்பீல்டி. இப்பேரினத்தில் இன்று ஏற்கப்பட்டவை இவ்விரண்டுமே. கணவாயின் அடிநிலமான பெருமாட்டி, சித்தூர்ப் பக்கத்து வேலிகளில் தலையாட்டும் ஓணான் இதுவன்று. அது வெயில் விரும்பும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது.

முதுகிலும் கழுத்திலும் முள் போன்ற கொண்டை, அளவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பெரிய செதில்கள், பச்சையும் பழுப்பும் கலந்த உடல் ஆகியவை அடையாளங்கள். பாசி படர்ந்த கிளையில் இது அசையாதிருந்தால் பழகிய கண்ணுக்கும் தட்டுப்படாது. நடையும் மிக மெதுவானது. சமவெளி ஓணானின் பதற்றம் இதனிடம் இல்லை.

ஜான் எட்வர்ட் கிரே 1845இல் நீலகிரி இனத்தை விவரித்துச் சாலியா என்ற பேரினத்தை நிறுவினார். ஆனைமலை இனம் அறிவியலுக்கு அறிமுகமாக மேலும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அதைச் செய்தவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம் (1830–1911). சென்னைப் படையில் சேர்ந்த இவர், ஹியூ கிளெக்ஹார்னின் உதவியாளராக வனத்துறைக்கு வந்து, 1860 முதல் 1882 வரை அத்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஆனைமலைத் தேக்குக்குப் பெரும் தேவையிருந்த காலம் அது. மரக்கணக்குப் பார்க்க வேண்டிய அதிகாரி பெரணிகளையும், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளையும், தவளைகளையும் சேர்த்தார். தென்னிந்தியப் பெரணிகள் பற்றி 1863இல் நூலும் வெளியிட்டார். 1878இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில், ஆனைமலையின் மேல்முகடுகளிலிருந்து கிடைத்த இந்த ஓணானைப் புதிய பேரினமாகவே கருதி லோபோசாலியா எனப் பெயரிட்டார். கட்டுரை சில பக்கங்களே. ஆயினும் இந்த இனத்தின் வரலாறு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டு, 1877இல், ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து, இந்த ஓணான் வாழும் மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றிருந்தார். பின்னாளில் அம்மலைகளின் பெரும்பகுதி தேயிலையானது.

பெடோமின் தனிப் பேரினம் நிலைக்கவில்லை. பின்வந்தோர் இந்த இனத்தைச் சாலியாவிலேயே சேர்த்தனர். மால்கம் ஸ்மித் 1935இல் வெளியிட்ட ஊர்வன நூலில் இது இப்பெயரிலேயே உள்ளது.

சாலியாவின் இரு இனங்களையும் பிரித்தது பாலக்காட்டுக் கணவாயின் வெப்பமே என்பது பொதுக்கருத்து. பிரிந்த காலம் குறித்து ஒருமித்த முடிவில்லை. நீலகிரி இனம் பழனி மலையிலும் உண்டு என்ற பழைய குறிப்பைச் சிலர் ஏற்கின்றனர், சிலர் ஐயுறுகின்றனர்.

மூணாறு மலைகளிலுள்ள இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. பெடோமின் கட்டுரைக்கு அப்போது நூறு வயது. அப்பூங்காவில் இந்த ஓணானின் அடர்த்தியையும் அது தேர்ந்தெடுக்கும் இடங்களையும் அளந்த வி. தீபக், கார்த்திகேயன் வாசுதேவன் ஆகியோரின் ஆய்வு 2008இல் வெளிவந்தது. 2018இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற ஓணான்களுக்கான வகைப்பாடு திருத்தப்பட்டு, இரண்டு புதிய பேரினங்கள் சேர்க்கப்பட்டன.