அடையாளச் சீட்டு

1940-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரெஞ்சுப் படைவீரர்களில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற போலந்து இளைஞரும் ஒருவர். யூதர்களுக்குப் போலந்துப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது அரிதாக இருந்ததால், வேதியியல் படிக்க பிரான்சுக்குப் போனவர். போர்க்கைதி முகாமில் யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. பிறந்த நாட்டைத்தான் மறைத்தார். பிரெஞ்சு யூதர் என்று பதிவானதால் உயிர் தப்பினார். காவலர்கள் அவரோடு எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும், உண்மை தெரிந்த நொடியில் அந்தப் பழக்கம் எதற்கும் உதவியிருக்காது என்று பிற்காலத்தில் எழுதினார்.

போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சியிருக்கவில்லை.

வேதியியலை விட்டுவிட்டு, பெற்றோரை இழந்த யூதக் குழந்தைகளுக்கான பணியில் சில ஆண்டுகள் இருந்தார். 1951-ல் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து, முப்பது வயதுக்கு மேல் லண்டனில் உளவியல் படித்தார். 1967-ல் பிரிஸ்டலில் பேராசிரியர்.

அவர் பெயரை நிலைநாட்டிய சோதனை அங்கேதான் நடந்தது. 14, 15 வயதுப் பள்ளிப் பையன்கள். திரையில் மின்னி மறையும் புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார்கள். கூட்டிச் சொல்பவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொல்பவர்கள் இன்னொரு குழு என்றார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். இன்னொரு சுற்றில் க்ளே, காந்தின்ஸ்கி என்ற ஓவியர்களில் யாருடைய ஓவியங்கள் பிடித்தன என்பதை வைத்துப் பிரிப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு பையனும் தனியறையில் அமர்ந்து, வெறும் எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்ட இருவருக்குக் காசு பங்கிட வேண்டும். தனக்கென்று ஒரு பைசா எடுக்க வழியில்லை.

பங்கைத் தேர்ந்தெடுக்கக் கொடுத்த தொகைப் பட்டியல்களில் ஒன்றின் ஒரு முனையில் தன் குழுக்காரனுக்கு 7, அடுத்தவனுக்கு 1. மறுமுனையில் 19-ம் 25-ம். தன் ஆளுக்கு அதிகம் சேர வேண்டுமென்றால் 19-ஐத் தொட வேண்டியதுதானே? அப்படிச் செய்தால் அடுத்தவன் முந்திவிடுவானே! பலரும் அந்த முனை வரை போகவில்லை. கூடுதல் காசைவிட, மற்ற குழுவைவிட ஒரு படி மேலே நிற்பது அவர்களுக்கு முக்கியமாகப்பட்டது.

தாஜ்ஃபெலின் திட்டம் வேறு. குழு உணர்வே எழாத அடித்தளம் ஒன்றிலிருந்து தொடங்கி, பகை, போட்டி, பழைய கணக்கு என ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. அந்த அடித்தளத்திலேயே ஓரவஞ்சனை இருந்தது. முடிவுகள் 1970-ல் வெளியாயின. ஜான் டர்னருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சமூக அடையாளக் கோட்பாடு 1979-ல். 1982-ல் இறந்தார்.

பாரபட்சத்தை ஆராய்ந்த இந்த மனிதரின் துறையில் பெண்கள் பட்ட பாடு தனிக்கதை. இளம் பெண் ஆய்வாளர்களிடம் அவர் அத்துமீறியது பின்னாளில் எழுத்தில் பதிவானது. 2019-ல் ஐரோப்பிய சமூக உளவியல் சங்கம், தன் வாழ்நாள் சாதனை விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. கோட்பாடு மட்டும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.